மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

மீட்பு வாரியத்தின் முதல் கூட்டம் நல்லபடியாகவே முடிந்தது. ஒரே ஒரு மூக்குதான் உடைந்தது.

கிரேவன்பர்க் எஃகு ஆலை ஆற்றங்கரையில் கதவடைத்துப் படுத்தபோது, தொழிலாளிகளின் ஓய்வூதிய நிதியையும் தன்னோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டது. போர்வையை விலக்கிப் பார்த்தால் உள்ளே நிதி இல்லை. இப்படிப் படுத்துவிடுகிற கம்பெனிகளின் பொறுப்பை ஏற்பதற்கென்றே அரசாங்கம் தலைநகரத்தில் ஒரு வாரியம் வைத்திருந்தது. அதன் முழுப் பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடிகிற பெயரல்ல. ஊரில் மீட்பு வாரியம் என்றார்கள். வெள்ளத்தில் போகிறவனுக்குக் கயிறு வீசுவதும், அந்தக் கயிற்றின் விலையைக் கரையில் நிற்பவனிடம் வசூலிப்பதும் அதன் வேலை.

கூட்டம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. சுவரில் வரிசையாக மான் தலைகள். எமில் சபோ தன் மனைவி ரோசெல்லாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஆலையில் கிரேன் ஓட்டியவர். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே காலம் தள்ளியதால் அவரிடம் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. ஊரில் அது அபூர்வம். குழந்தைகள்கூட அவர் கையைப் பிடித்து எண்ணிப் பார்ப்பார்கள்.

வாரியத்தின் அதிகாரி பிரெஸ்டன் ஓக்லி, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையும் வாயில் புதினா மிட்டாயுமாக மேடையேறினார்.

"யாரும் பயப்பட வேண்டாம். உங்க நஷ்டம் எல்லாருக்கும் ஒழுங்கா போய்ச் சேரணும், அதுதான் வாரியத்தோட நோக்கம்" என்று ஆரம்பித்தார்.

பிறகு விதியைச் சொன்னார். ஆலை எல்லைக்குள் காயம்பட்டவர்களுக்கு முழு ஓய்வூதியம். காயமில்லாமல் வெளியே வந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. முழு உடம்பு இருக்கிறவர்கள் மிச்சத்தை உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று வாரியம் கருதுகிறதாம். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்குப் படியேறவே துணை வேண்டும்.

எமிலின் பழைய கூட்டாளி லெஸ்டர் வுகோவிச் எழுந்து இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மற்ற இரண்டும் உருளை இயந்திரத்தில் போனவை. ஓக்லி தன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆலைதான் நாட்டிலேயே பாதுகாப்பானது என்றும், தொழிலாளி ஒருவருக்குக்கூட இங்கே காயம் பதிவானதில்லை என்றும் பெருமையோடு அறிவித்தார்.

அது பொய்யில்லை. காரணம் பன்றித்தொடை. வருடம் முழுக்கக் காயமில்லாமல் வேலை செய்த பிரிவுக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கொரு புகையூட்டிய பன்றித்தொடை தருவது கம்பெனியின் வழக்கம். விரல் போனவனைச் சுற்றி மற்றவர்கள் மறைத்து நின்று, துணியைச் சுற்றி, கையைக் கோட்டுப்பைக்குள் விடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருத்தன் விரலுக்காக ஒரு பிரிவே கிறிஸ்துமஸ் விருந்தை இழப்பதா? லெஸ்டரின் விரல்கள் போனது டிசம்பரில். அந்த வருடப் பன்றித்தொடையை அவர் வலது கையால் சாப்பிட்டார். ரொம்ப ருசி என்று இன்றைக்கும் சொல்வார்.

"உங்க கையை நான் மதிக்கிறேன்" என்றார் ஓக்லி. "ஆனா உங்க பதிவுல பத்து விரல் இருக்கு. நான் பதிவுக்குத்தான் பென்ஷன் குடுக்க முடியும்."

பதிவான காயம் ஒன்றே ஒன்று உண்டு என்றார். ஆலையின் தலைவர் ஹார்லன் விட்கோம், கடைசி நாளன்று கேட்டைப் பூட்ட வந்தபோது சங்கிலி நழுவி அவர் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அவருக்கு முழு ஓய்வூதியம் ஏற்கெனவே அனுமதியாகிவிட்டது. கூட்டத்துக்கு அவர் தன் வாழ்த்தையும் அனுப்பியிருந்தார்.

அப்போது டோமினிக் ஃபுஸ்கோ எழுந்தார். ரோசெல்லாவின் அண்ணன். கடைவீதியில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். செத்தவனிடமும் கால் டாலர் கூட்டிக் கேட்டுப் பார்க்கக்கூடியவர். இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது என்று கேட்டார்.

இதுவரை நாடு முழுக்க வரி கட்டுகிறவர்கள் கொடுத்துவந்தார்கள், அவர்கள் ரொம்ப முணுமுணுக்கிறார்கள் என்றார் ஓக்லி. "அதனால இந்த ஊர்ல ஒரு புது முயற்சி. பலன் எங்க போகுதோ அதுக்குப் பக்கத்துலயே சுமையையும் வெச்சுடறோம். முழு பென்ஷன் வாங்காத ஊர்க்காரங்க எல்லாரும் மீட்பு வரி கட்டுவீங்க. கட்டலேன்னா வீடு ஏலத்துக்குப் போகும். ரொம்ப எளிமையான ஏற்பாடு."

எமில் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். "எனக்கு மூணுல ஒரு பங்கு குடுக்கறீங்க. வரியும் என்கிட்ட வாங்கறீங்க. அப்போ எனக்குக் குடுக்கற காசை நானே குடுக்கறேனா சார்?"

"முழுசா இல்ல" என்று திருத்தினார் ஓக்லி. "நிர்வாகச் செலவு போக."

டோமினிக் திரும்பி லெஸ்டரைப் பார்த்தார். "விரலை வித்துப் பன்னித்தொடை தின்னவன் நீ. அதுக்கு நான் வரி கட்டணுமா?"

"என் விரலாவது மெஷின்ல போச்சு" என்றார் லெஸ்டர். "உன் கட்டைவிரல் இருபது வருஷமா தராசுத் தட்டுலதான்டா இருக்கு. அதுக்கும் சேர்த்து நாங்க காசு குடுத்துட்டிருக்கோம்."

டோமினிக்கின் முஷ்டி லெஸ்டரின் முகத்தில் போய் விழுந்தது. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ரத்தம் மேடைவரை தெறித்து ஓக்லியின் சட்டையில் பொட்டு வைத்தது. அவர் கைக்குட்டையால் அதை ஒற்றிக்கொண்டே, விழுந்து கிடந்தவரை நிஜமான இரக்கத்தோடு பார்த்தார்.

"வருத்தமா இருக்கு. இதே மூக்கு ஆலைக்குள்ள உடைஞ்சிருந்தா..."

லெஸ்டர் தரையில் கிடந்தபடியே கேட்டார். "உடைஞ்சிருந்தா?"

"முழு பென்ஷன். சொத்தை வித்து முடிக்கிற வரைக்கும் ஆலை சட்டப்படி உயிரோடதானே இருக்கு."

அன்றிரவு வீட்டைப் பற்றித்தான் ரோசெல்லா பேசினார். வீடு கடன் முடிந்த வீடு. கொல்லையில் ஓர் அத்திமரம் நின்றது. ரோசெல்லாவின் அப்பா இத்தாலியிலிருந்து கோட்டுப்பைக்குள் குச்சியாகக் கொண்டுவந்து நட்டது. இந்த ஊர்க் குளிரை அது தாங்காது. அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை அப்படியே சாய்த்துக் குழிக்குள் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடுவார்கள். ஈஸ்டர் சமயத்தில் தோண்டி நிமிர்த்துவார்கள். இந்த வருடமும் புதைத்தாயிற்று. ஈஸ்டருக்குள் வீடு யாருடையதாக இருக்கும் என்பதுதான் இப்போது கேள்வி.

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை கிரேவன்பர்க்கில் பள்ளிக்கூடம் கிடையாது, கடை கிடையாது. ஊரே துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விடும். அந்த வருடம் காட்டில் ஒரு வெடிச்சத்தமும் கேட்கவில்லை. மான்களே சந்தேகப்பட்டிருக்கும். கிழவர்கள் எல்லாரும் கம்பிவேலியை வெட்டி ஆலைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

லெஸ்டர்தான் முதலில். இடது கையை இரும்பு மேடைமேல் நீட்டி வைத்து, தூக்குச் சங்கிலியை இறக்கிவிடும்படி எமிலைக் கேட்டார். முப்பது வருடம் எந்தச் சுமையும் மனிதன்மேல் விழாமல் பார்த்துக்கொண்ட கை அது. விசைப்பிடிமேல் போய் நின்றுவிட்டது, இறங்க மறுத்தது. உலைப்பிரிவில் வேலை பார்த்த ஒருவர் எமிலை விலக்கிவிட்டு இறக்கினார். கொக்கி விழுந்தது. லெஸ்டரின் முன்கையில் புதிதாக ஒரு முழங்கை உண்டானது. அவர் கத்தவில்லை, கத்தினால் பன்றித்தொடை போய்விடும் என்கிற பழைய பழக்கம்.

காவலாளியின் அறையில் ஓக்லி மேசை போட்டுக் காத்திருந்தார். லெஸ்டர் கையைத் தூக்கிக் காட்டி, தானேதான் நீட்டியதாக நேர்மையாகச் சொன்னார். மனு தள்ளுபடியானது.

"விபத்துன்னா எதிர்பாராததா இருக்கணும்" என்று பொறுமையாக விளக்கினார் ஓக்லி. "வாரியம் வன்முறையை ஆதரிக்க முடியாது. அடி விழும்போது கண்ணை மூடியிருக்கணும். பின்பக்கமா வரணும். அப்புறம் என்கிட்ட வந்து, 'நான் இதை எதிர்பார்க்கல'ன்னு ரெண்டு சாட்சி முன்னாடி சொல்லணும். அவ்வளவுதான். மத்தபடி நாங்க எதுலயும் தலையிடறதில்ல."

லெஸ்டர் திரும்பிப் போனார். கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையையும் உடைத்துக்கொண்டு வந்தார். அனுமதியானது.

அதற்குப் பிறகு ஆலைக்குள் சந்தை கூடியது. நல்ல மழைக்குப் பின் காய்கறிச் சந்தை மாதிரி இரைச்சல். என் கணுக்காலுக்கு உன் விலா எலும்பு இரண்டு என்று ஒருவர். விலா வெளியே தெரியாது, தோள்பட்டை என்றால் பேசலாம் என்று இன்னொருவர். இந்த வியாபாரத்தில் ஒரே ஒரு சிக்கல். முதலில் அடி வாங்கியவனுக்குத் திருப்பி அடிக்கத் தெம்பிருக்காது. அதனால் கடன் நிலுவையில் நின்றது. நின்ற கடனுக்காக மகன்கள் வந்து அடித்துக் கொடுத்தார்கள். சிலர் பேசியதைவிடப் பலமாக அடித்துவிட்டு, கூடுதலுக்கு எதுவும் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டினார்கள். இரும்புக்கம்பி மண்டையில் விழும் சத்தமும், "நான் இதை எதிர்பார்க்கல" என்ற குரலும் மாறி மாறிக் கேட்டன. தேவாலயத்தில் பாதிரியார் சொல்லச் சொல்லச் சபை பதில் சொல்வது போல அதற்கு ஒரு தாளமே வந்துவிட்டது.

எல்லை குறித்து வழக்கு வராமலிருக்க வாரியம் ஆலையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே விழுந்த பல் செல்லாது. ஒருவருடைய பல் சரியாகக் கோட்டின்மேல் விழுந்தது. அதைத் தலைநகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதற்கு ஒரு குழு அமைந்ததாகக் கேள்வி.

ரோசெல்லா எமிலைத் தினமும் சுத்தமான சட்டையில் ஆலைக்கு அனுப்பினார். மாலையில் அதே சுத்தத்தோடு திரும்பி வருவதைப் பார்த்து வயிறெரிந்தார்.

"ஒரே ஒரு விரல், எமில். சுண்டுவிரல் போதும். அதை வெச்சு இத்தனை வருஷமா என்னத்தப் பண்ணிட்ட?"

எமில் முயலாமல் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஓங்கியவருடைய கம்பி பிடியிலிருந்து கழன்று பறந்து, பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றவருடைய கழுத்தெலும்பை முறித்தது. அவர் எமிலுக்கு நன்றி சொல்லிவிட்டு ஓக்லியின் அறைக்குப் போனார். கூரைத் தகடு சரிந்தபோது எமிலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் காலும் அந்தப் பக்கம் இருந்தவர் இடுப்பும் போயின. எமிலின் காதுதான் வினை. முப்பது வருடம் கூண்டுக்குள் சங்கிலியின் முனகலைக் கேட்டுப் பழகிய காது. எது எந்தப் பக்கம் விழப்போகிறது என்று அதற்கு முன்னமே தெரிந்துவிடும். கண்ணை மூடினாலும் கால் தானாக ஓரடி விலகிக்கொண்டது. கடைசியில், எமிலின் பக்கத்தில் நின்றால் காயம் நிச்சயம் என்று ஊரில் பெயராகி, அவரைச் சுற்றி வரிசை கட்டி நிற்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு எலும்பு முறியும்போதும் மீட்பு வரி ஏறியது. அனுமதி பெற்ற கிழவர் ஒவ்வொருவரும் வரி கட்டுகிறவர் கூட்டத்திலிருந்து கழன்றுகொண்டார். மிச்சம் நின்றவர்கள் கடைவீதிக்காரர்களும் உத்தியோகக்காரர்களும் எமிலும்தான். டோமினிக் கடையைச் சாத்திவிட்டு, மருந்துக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், சவப்பெட்டிக் கடைக்காரர் என்று எல்லாரையும் சேர்த்து ஒரு காவல்படை அமைத்தார். ஆளுக்கொரு ஹாக்கி மட்டை. முதியோர் காயமடையாமல் பாதுகாப்பதுதான் படையின் கொள்கை.

"உள்ள போய் ஒருத்தன் கையை ஒடச்சுக்கிட்டா நமக்குச் செலவு" என்று டோமினிக் தன் ஆட்களுக்குப் பாடம் எடுத்தார். "அதே கையை நாம வெளியில ஒடச்சா செலவே கிடையாது. புரிஞ்சுதா?"

பிப்ரவரிச் சேற்றில், மஞ்சள் கோட்டின்மேல் யுத்தம் தொடங்கியது. கிழவர்கள் உள்ளே பாயப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் அவர்களைக் காலர் பிடித்து வெளியே இழுத்து, கோட்டைத் தாண்டியாயிற்றா என்று குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, அப்புறம் முகத்தில் அடித்தார்கள். அடிபட்டவர்கள் கடைக்காரர்களின் காலைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுத்தார்கள், அடுத்த அடியாவது கணக்கில் சேரட்டும் என்று. மருந்துக்கடைக்காரரின் காது பாதி கிழிந்து தொங்கியது. சவப்பெட்டிக்காரர் தன் மட்டையால் ஒருவர் தாடையைப் பெயர்த்துவிட்டு, தொழில் பழக்கத்தில் அவர் கண்ணை மூடிவிடப் போனார். விரலில் கடி வாங்கினார். பனியெல்லாம் சிவந்தது. ஓக்லி ஒரு ஸ்டூலின்மேல் ஏறி நின்று, யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்று விசில் ஊதிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எமில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில், மச்சானும் கூட்டாளியும் ஒருவரையொருவர் கொல்லாமலிருக்க மன்றாடிக்கொண்டு நின்றார். மட்டைகள் அவர் தலைக்கு மேலும் கீழும் போயின. ஒன்றும் அவர்மேல் படவில்லை.

அப்போதுதான் லெஸ்டர் டோமினிக்கின் சட்டையைப் பல்லால் கவ்வி உள்ளே இழுத்தார். கால் வழுக்கி டோமினிக் மல்லாந்தார். லெஸ்டர் மாவுக்கட்டுப் போட்ட இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கி அவருடைய முட்டியில் இறக்கினார். கால் மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியது. டோமினிக் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப்புறம் கேட்டது.

ஓக்லி ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து கோட்டைப் பார்த்தார். டோமினிக் முழுக்க உள்ளே கிடந்தார்.

"இதை எதிர்பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"யோவ், நான் ஆலையிலயே வேலை பாக்கலய்யா" என்று முனகினார் டோமினிக்.

"விதியில காயம்பட்ட நபர்னுதான் இருக்கு. வேலை பாத்திருக்கணும்னு எங்கயும் இல்ல. மிஸ்டர் விட்கோமும் அங்க வேலை பாத்தார்னு சொல்ல முடியாதே. நாங்க பாரபட்சம் காட்டறதில்ல."

டோமினிக்கின் முனகல் நின்றது. வலியில் வெளுத்திருந்த முகத்தில் கடைக்காரக் கண் மட்டும் திறந்தது. "எதிர்பார்க்கலன்னு சொன்னா என்ன கிடைக்கும்? அதை முதல்ல சொல்லு."

"முழு பென்ஷன். வரியும் கிடையாது."

"ரெண்டு முட்டியும்னா?"

"ஆளுக்கு ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணு போதும். நான் எதிர்பார்க்கல."

பிறகு கடைக்காரர்கள் மட்டைகளைக் கீழே போட்டார்கள். முடிவெட்டுகிறவர் முதலில் கோட்டைத் தாண்டினார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கிழவர்களுக்கும் பழைய பகை போய்விட்டது. வந்தவர்களையெல்லாம் நல்லபடியாகக் கவனித்து அனுப்பினார்கள். மேயர் மறுநாள் வந்தார். பள்ளி ஆசிரியர்கள் மதிய இடைவேளையில் வந்தார்கள். மார்ச் மாதத்துக்குள் கிரேவன்பர்க்கில் மாவுக்கட்டு இல்லாத வீடு ஒன்றுதான் இருந்தது. ரோசெல்லாவின் பெயரில் எதுவும் இல்லை; வீடு, வரி எல்லாம் எமில் பெயரில். ஆகவே ரோசெல்லா தன் கையை உடைத்துக்கொண்டும் பயனில்லை என்று ஓக்லி ஏற்கெனவே அன்போடு தடுத்திருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆலை முற்றத்தில் ஒரு விழா ஏற்பாடானது. எமிலைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக வந்து உட்கார்ந்தது. ஓக்லி கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பன்றித்தொடை.

"இந்த ஊர்லயே ஒருத்தர்தான் விதியை மதிச்சு முழு உடம்போட நிக்கிறார்" என்று பேசினார் ஓக்லி. "முன்னாடி கோடிக்கணக்கான பேர்கிட்ட வரி வாங்கினோம். எத்தனை தபால், எத்தனை புகார். இப்போ ஊரோட மொத்தச் சுமையும் ஒரே தோள்ல. ஒரே ஒரு தபால்தலை செலவு. வாரியத்தோட சரித்திரத்துல இவ்வளவு நேர்த்தியா எதுவும் நடந்ததில்ல. மிஸ்டர் சபோ, நாடு உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. நீங்க நாட்டுக்குக் கடன்பட்டிருக்கீங்க."

ஊர் கைதட்ட முயன்றது. மாவுக்கட்டோடு மாவுக்கட்டு மோதுகிற மொத்து மொத்துச் சத்தம்தான் வந்தது.

எமில் பன்றித்தொடையை வாங்கிக்கொள்ளவில்லை. "என்னால குடுக்க முடியாது சார்" என்றார்.

"தெரியும். அதனாலதான் வீடு. புதன்கிழமை ஏலம். மிஸ்டர் விட்கோமோட பாக்கி முதல்ல, அப்புறம் மத்தவங்க."

"கொல்லையில ஒரு மரம் புதைச்சு வெச்சிருக்கோம். அதை மட்டும் எடுத்துக்கறோம்."

ஓக்லி யோசித்தார். புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "மண்ணுக்குள்ள இருக்கறதெல்லாம் நிலத்தோட சேர்த்திதான். வெளியில நின்னுட்டிருந்தா பரிசீலிச்சிருக்கலாம்."

வாழ்நாளில் எமில் யாரையும் அடித்ததில்லை. எப்படி அடிப்பது என்று இந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். கையை மடக்கி, கிரேன் சுமையைத் திருப்புகிற மாதிரி இடுப்பிலிருந்து மெல்லத் திருப்பி, ஓக்லியின் வாயில் இறக்கினார். தாடை பக்கவாட்டில் போனது. முன்பற்கள் இரண்டும் மிட்டாயோடு வெளியே வந்து பன்றித்தொடையின் வெள்ளைத் துணியில் பதிந்தன. விழுந்தவரை எமில் காலரைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார். இந்த முறை மூக்கு. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது, எல்லாரையும்விட முன்னால் ரோசெல்லா ஓடிவந்தார். அந்தக் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, அழுத்திப் பார்த்தார்.

"எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல" என்றார் எமில். தோல்கூடப் பெயரவில்லை.

கீழே ஓக்லி ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முதலில் சுற்றிலும் தரையைப் பார்த்தார். மஞ்சள் கோடு எட்டத்தில் இருந்தது; அவர் நன்றாக உள்ளேதான் கிடந்தார். திருப்தியோடு வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, பல் போன ஓட்டையில் காற்று சீறச் சீற, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"நான் இதை எதிர்பார்க்கல."

சாட்சி யார் என்று கேட்டார். லெஸ்டரும் டோமினிக்கும் கட்டுப்போட்டிருந்த கையையும் ஊன்றுகோலையும் தூக்கினார்கள். அனுமதி வழங்கும் அதிகாரி ஓக்லிதான் என்பதால் தாமதமில்லாமல் அனுமதியானது. எமில் கட்ட வேண்டிய வரியில் ஓக்லியின் ஓய்வூதியமும் சேர்ந்தது.

ரோசெல்லா எமிலின் கையை விடவில்லை. "வா" என்றார். "தோண்டுவோம்."

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள், இருவரும் மண்ணை வாரி அத்திமரத்தை வெளியே எடுத்தார்கள். வேரை மண்ணோடு சாக்கில் கட்டி, பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கவைத்தார்கள். ஊரில் அதைத் தூக்க வலுவிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மரத்தின் நுனியில் மொட்டு ஒன்று பச்சையாகத் தெரிந்தது. வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

ஆற்றுப்பாலத்தில் ஊர் நின்றுகொண்டிருந்தது. சக்கர நாற்காலிகள் முன்னால், ஊன்றுகோல்கள் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. ஓக்லி தாடையைச் சுற்றித் தலைக்குமேல் கட்டுப் போட்டு நடுவில் நின்றார்; பேச முடியாததால் கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார்.

எமில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். டோமினிக் நொண்டி நொண்டி ஜன்னலுக்கு வந்தார்.

"மாப்பிள, யோசிச்சுப் பாரு. நீ போயிட்டா எங்களுக்கெல்லாம் யாரு குடுப்பா?"

"தெரியல மச்சான்."

"வீட்டை ஏலத்துல நானே எடுத்து உனக்கே வாடகைக்கு விடறேன். சொந்தக்காரன் விலை. மாசம் ஒருவாட்டி பன்னித்தொடை. இருந்துட்டுப் போயேன்."

"வழியை விடுங்க மச்சான்."

"விட மாட்டோம்டா" என்றார் லெஸ்டர், இரண்டு கையும் மரக்கிளை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க. "போகணும்னா எங்க மேல ஏத்திட்டுப் போ."

எமில் கியரைப் போட்டார். வண்டி ஓரடி நகர்ந்தது. யாரும் அசையவில்லை. இன்னும் ஓரடி. முகப்பு, டோமினிக்கின் நல்ல முட்டியைத் தொட்டது.

டோமினிக் கீழே பார்த்தார். பாலத்துத் தார், எந்தப் பெயின்டும் இல்லாமல் கறுப்பாக, அக்கரைவரை கிடந்தது. திரும்பி, தொலைவில் ஆலையைச் சுற்றி ஓடிய மஞ்சள் கோட்டைப் பார்த்தார். அப்புறம் ஓக்லியைப் பார்த்தார். இங்கே செல்லாது என்பதுபோல ஓக்லி மெல்லத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

முதலில் டோமினிக்தான் ஒதுங்கினார். பிறகு லெஸ்டர். மற்றவர்களும் ஒவ்வொருவராக, அடிபட்டுவிடாமல் ரொம்ப ஜாக்கிரதையாக, ஓரத்துக்கு நகர்ந்து வழிவிட்டார்கள்.